தவறி விழுந்தானா?

நாளேட்டைப் பிரித்துப் பாருங்கள், தோழர்களே. உள்பக்கத்தில், தங்கத்தின் விலைக்கும் மணமகள் தேவைக்கும் நடுவே, நான்கு வரிகள் கிடக்கும். கட்டட வேலையின்போது மூன்றாம் மாடியிலிருந்து தொழிலாளி தவறி விழுந்து உயிரிழந்தார், போலீசார் விசாரணை. அவ்வளவே! அவன் பெயர் பிழையாக அச்சாகியிருக்கும். ஊர் சில வேளை இருக்கும், சில வேளை இராது. ஆனால் "தவறி" என்ற சொல் மட்டும் விடுபடுவதே இல்லை.

தமிழ் கற்பித்துப் பிழைப்பவன் நான். ஆதலின் அந்தச் சொல்லைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. தவறுதல் என்றால் வழுவுதல். தவறு என்றால் குற்றம். வேர் ஒன்றே. சாரம் கட்டிய கயிறு நைந்திருக்கலாம். சவுக்குக் கம்பு உளுத்திருக்கலாம். இடுப்பில் கச்சையில்லை, தலையில் கவசமில்லை, கீழே வலையில்லை. இத்தனை இல்லாமைகளையும் ஒரு சொல் விழுங்கி ஏப்பம் விடுகிறது. மேஸ்திரி தவறவில்லை, ஒப்பந்தக்காரர் தவறவில்லை, மனைக்குரியவர் தவறவில்லை. தவறியவன் செத்தவன் ஒருவனே! நீதிமன்றம் கூடுமுன், சாட்சி ஒருவர் வாய் திறக்குமுன், செய்தி எழுதியவர் தீர்ப்பு எழுதிவிட்டார். இலக்கணப் பிழை ஒன்றைப் பொறுக்கலாம்; இந்தப் பிழையை எப்படிப் பொறுப்பது?

ஊர்வாயோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. "அவன் விதி முடிந்தது" என்கிறது. எழும்பும் எந்தக் கட்டடத்தின் முகப்பையும் பாருங்கள்: கண் உருட்டி நாக்கு நீட்டிய திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கும். அடிக்கல் நாட்டப் பூசை உண்டு, வாசல் வைக்க நல்ல நேரம் உண்டு, வாஸ்து பார்ப்பவருக்குத் தட்டு நிறையத் தட்சிணை உண்டு. கல் கண்ணுறாமல் காக்கப் பூசணி. கல் சுமக்கும் சித்தாளைக் காக்க ஒரு முழம் வலையும் கிடையாது. கட்டடத்தின் மேல் பட்டுவிடுமோ என்றஞ்சும் கண், அதில் ஏறி நிற்கும் மனிதன் மேல் ஒரு கணமேனும் படக்கூடாதா?

விதிவாதம் நம் நாட்டுச் சரக்கு மட்டுமன்று. சீமையில் கோட்டும் தொப்பியும் அணிந்து அது நீதிபீடத்திலேயே அமர்ந்திருந்தது. இறைச்சிக்கடை ஏவலாள் ஒருவர், அளவுக்கு மீறிச் சுமையேற்றிய வண்டி நொடிந்து விழத் தொடையெலும்பு முறிந்தார். சான்றாயர் அவருக்கு 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். 1837இல் நீதிபதிகள் அதைத் தள்ளினார்கள். ஆபத்து உனக்கும் தெரிந்திருக்கும். ஏற மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்றார்கள். ஏற மறுத்தால் மறுநாள் அடுப்பு எரியுமா என்று அந்த மன்றில் கேட்பாரில்லை! சோதிடர் கிரகத்தைக் காட்டினார், நீதிபதி ஒப்பந்தத்தைக் காட்டினார். இருவர் காட்டிய வழியும் உடைந்த எலும்போடு வீட்டுக்குப் போகும் வழிதான்.

அந்தக் கோட்டையில் முதல் ஓட்டை போட்டது ஜெர்மனியின் 1884ஆம் ஆண்டுச் சட்டம். 1897இல் இங்கிலாந்து தன் சட்டத்தை இயற்றிற்று. 1923இல் இந்தியாவுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 சூலை முதல் நடைமுறை கண்டது. இதன் உயிர்நாடி எது? யார் குற்றம் என்று கேளாமை! வேலையினால், வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்பதே கேள்வி. குடிபோதை, வேண்டுமென்றே கட்டளை மீறல், காப்புக்கருவியை வேண்டுமென்றே கழற்றுதல் ஆகிய சிலவே விலக்குகள். உயிரே போனால் அந்த விலக்குகளும் செல்லா. நூறாண்டுக்கு முன்பே சட்டம் கைவிட்ட கேள்வியை நம் செய்தித்தாள் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறது. தமிழில் சட்டத்துக்கும் விதி என்றே பெயர். இரண்டு விதிகளில் நமக்கு எது வேண்டும்?

2014 சூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிக்கு வந்தவர் பலர். கட்டியவர் தரப்பு மின்னலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிற்று. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தின் மேல் மின்னல் விழவில்லை. ஆயினும் அது நிற்கத் தகாதது என்று 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது! இத்தகைய பெருந்துயரின்போது அரசுகள் நிவாரணம் அறிவிக்கும். வேண்டாமென்று யார் சொல்வார்? ஆனால் நிவாரணம் இரக்கத்தின் பெயர். இழப்பீடு கடனின் பெயர். முன்னது கொடுப்போர் உள்ளத்தைப் பொறுத்தது, பின்னது வாங்குவோர் உரிமையைப் பொறுத்தது. நிவாரணம் வாங்கியதாலேயே முதலாளியின் கடன் தீர்ந்துவிடாது. இரண்டையும் ஒன்றென்றே மேடைகளிலும் பேசுகிறோம், ஏடுகளிலும் எழுதுகிறோம். கடன்பட்டவன் ஓசையின்றி நழுவ அந்தக் குழப்பம் போதும்.

சட்டத்தைப் புகழ்ந்துவிட்டேன். இனி அதன் அட்டவணைக்கு வருவோம். உடலை உறுப்பு உறுப்பாய்ப் பிரித்து விழுக்காடு எழுதிய அட்டவணை அது. கட்டைவிரல் போனால் 30. சுட்டுவிரல் முழுதும் போனால் 14. நடுவிரல் 12. ஒரு கண் போய் மற்றது நன்றாயிருந்தால் 40. கேசாதிபாதம் பாடிய புலவர் கூட இத்தனை உறுப்புகளைத் தொட்டதில்லை! மாதக் கூலியில் பாதியை எடுத்து, வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கினால் உயிரின் தொகை வரும். கூலிக்கு உச்சவரம்பும் உண்டு. 2020 சனவரியில் அது 15,000 ரூபாய் எனக் குறிக்கப்பட்டது.

கணக்குப் போடுவோம். முப்பது வயதுக்குரிய எண் 207.98. மாதம் 20,000 ஈட்டிய கொத்தனார் இறந்தால் 15,000 என்றே கொண்டு, குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். அதே வயது, அதே சாரம், அதே வீழ்ச்சி. ஆனால் மாதம் 9,000 ஈட்டிய சித்தாள் பெண் என்றால் 9,35,910 ரூபாய். ஆறேகால் லட்சம் குறைவு! பெண் என்பதால் கரணை பிடிக்க விடவில்லை. கரணை பிடிக்காததால் கூலி குறைவு. கூலி குறைந்ததால் சாவின் மதிப்பும் குறைவு. உயிரோடிருந்தபோது செய்த அநீதியைச் சட்டம் பெருக்கிக் கொடுக்கிறது, அதுவும் 207.98 மடங்கு! 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெயர் மாறிற்று, கூலியால் உயிரை அளக்கும் கோல் மாறவில்லை.

எழுத்து மோசமாயினும் படிப்பவர் மனிதராயிருந்தால் பொருள் மாறும் என்பதற்குச் சான்று உண்டு. 1968 சூலையில், ஒடிசாவில் ஒரு திரைப்பட அரங்கில் அணிவேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை இழந்தார். அரங்கின் உரிமையாளர் தரப்பு என்ன சொல்லிற்று? அவர் தொழிலாளியே அல்லர், ஏதோ தற்காலிகக் குத்தகையாளர். விழுந்ததும் அவர் அசட்டையால் என்று! அட்டவணைப்படி பகுதி ஊனந்தான் என்றும் வாதிட்டது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆகவே இவருக்கு இது முழு ஊனமே என்றார் இழப்பீட்டு ஆணையர். 1975 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பு வந்த நாளிலிருந்தன்று, விபத்து நேர்ந்த நாளிலிருந்தே கடன் தொடங்குகிறது என்றும் சொன்னது. கையை எண்ணாமல், அந்தக் கை செய்த தொழிலை எண்ணிய தீர்ப்பு அது.

ஆயினும் ஓட்டைகள் பல. தொழில் நடத்தும் நிறுவனம் ஒப்பந்தக்காரர் வழியே ஆள் வைத்தாலும் அதன் பொறுப்பு நீங்காது. ஆனால் சொந்தக் குடியிருப்புக்கு வீடு கட்டுபவர் வீட்டைத் தொழிலாகக் கட்டவில்லை; அவர் இந்த வலையில் எளிதில் சிக்க மாட்டார். எஞ்சுபவர் மேஸ்திரி, அவரும் நேற்றைய கொத்தனாரே. அவரிடம் வருகைப் பதிவேடு ஏது? சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும்; விபத்து நேர்ந்த மறுநாள் அதுவும் இராது. ஆகவே விழுந்தவனின் தோழர்கள் அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு: எத்தனை நாள் வேலை, என்ன கூலி, யார் கொடுத்தது என்பவற்றை எழுதிச் சாட்சிக் கையொப்பத்தோடு வைத்தல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிணவறை வாசலில் ஒரு காட்சி நடப்பதுண்டு. கார் ஒன்று வந்து நிற்கும். கண் வற்றிய மனைவியிடம் ஒரு கட்டு நோட்டும், எழுதப்பட்ட முத்திரைத்தாளும் நீட்டப்படும். இனி எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருக்கும். பெருவிரலில் மை தடவப்படும். அந்த நோட்டுகளை வாங்கிக்கொள்ளட்டும், ஈமச்செலவு காத்திராது. ஆனால் இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். சிறிதளவு முன்பணம் நீங்கலாக, நேரே கொடுத்ததெல்லாம் இழப்பீடாகக் கணக்கில் ஏறாது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. இதுவும் 1923இலேயே எழுதப்பட்டது. ரேகை பதித்த பின்னும் அவள் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே அமர்ந்திருக்கும் ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம். கூட ஒருவர் போக வேண்டும், அவ்வளவே.