வில்லனுக்கு எந்த ஊர்?

கண்ணப்ப நாயனார் கதையில் வில்லன் என்று யாரும் இல்லை. பெரியபுராணத்தில் உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணன்தான் பின்னாளில் கண்ணப்பர். அவன் நாணன், காடன் என்ற இரண்டு கூட்டாளிகளோடு ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு வருகிறான். பொன்முகலி ஆற்றைக் கடந்து காளஹஸ்தி மலையேறிக் குடுமித்தேவரைப் பார்க்கிறான். பிறகு ஆறு நாள்: இறைச்சிப் படையல், வாயில் சுமந்து வந்த ஆற்றுநீர், கடைசியில் கண். இதையெல்லாம் பார்த்துப் பதறும் அர்ச்சகர் சிவகோசரியாரைக்கூட சேக்கிழார் கெட்டவராக்கவில்லை. சந்நிதி தீட்டுப்பட்டதே என்று வருந்தி, இடத்தைச் சுத்தம் செய்து, பூசையைத் தொடர்கிற நேர்மையான மனிதர் அவர். ஆனால் சினிமாவுக்கு இது போதுமா? எதிராளி இல்லாமல் சண்டை ஏது, சண்டை இல்லாமல் டிக்கெட் ஏது? ஆகவே காளஹஸ்திக் கதையைக் கையில் எடுத்த ஒவ்வொரு தலைமுறையும் ஒரு வில்லனைத் தேடிப் பிடித்திருக்கிறது. யாரைப் பிடித்தார்கள், யாரை விட்டார்கள் என்று வரிசையாகப் பார்த்தால், ஹாலிவுட் ஆக்‌ஷன் படங்களில் வில்லன் தேர்வாகும் விதமும் சேர்ந்தே பிடிபடும்.

1954-ல் ராஜ்குமாரைக் கதாநாயகனாக்கிய கன்னடப் படம் 'பேடர கண்ணப்பா'. அதே கதையில் அவர் தெலுங்கிலும் நடித்த படம் 'காளஹஸ்தி மகாத்மியம்'. இரண்டிலும் வில்லன் கோயில் அர்ச்சகர்தான். நகையைத் திருடிவிட்டு வேடன்மீது பழி போடுகிறவர். 1976-ல் பாப்பு இயக்கத்தில் கிருஷ்ணம் ராஜு நடித்த 'பக்த கண்ணப்பா'விலும் அதே அர்ச்சக சாஸ்திரி, அதே திருட்டு. ராவ் கோபால் ராவ் அந்த வேடத்தை ருசித்துச் செய்தார். 'பராசக்தி' பூசாரி வந்துபோன காலம் அது. பொய்ப் பூசாரியைத் திரையில் காட்டினால் கைதட்டல் விழுந்ததே தவிர, தியேட்டர் கண்ணாடி உடையவில்லை. 2025 ஜூன் 27 அன்று மஞ்சு விஷ்ணுவின் 'கண்ணப்பா' வந்தபோது நிலைமை வேறு. அதில் மகாதேவ சாஸ்திரியாக வருபவர் மோகன் பாபு. சித்தூர் மண்ணின் மைந்தர், எழுபதுகளில் வில்லனாகவே பெயர் வாங்கியவர். அவர் கையில் கிடைத்தும் சாஸ்திரி வில்லன் ஆகவில்லை. கர்வம் உண்டு, கடுமை உண்டு, களவு இல்லை. வில்லன் வேலையைக் காளாமுகன் என்ற பெயரில், காளஹஸ்தியின் வாயுலிங்கத்தைக் கைப்பற்றப் பெரும்படையோடு வருகிற ஒரு கொடூரத் தலைவனிடம் கொடுத்துவிட்டார்கள். காளாமுகர் என்பது வரலாற்றில் உண்மையாகவே இருந்த ஒரு சைவப் பிரிவு. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் அவர்களுக்கு மடங்கள் இருந்தன. புதுக்கோட்டைக்கு அருகில் கொடும்பாளூரில் காளாமுக முனிவர் ஒருவருக்கு மடம் அளித்ததைக் கல்வெட்டே சொல்கிறது. இன்று அந்தப் பிரிவில் ஒருவர்கூட இல்லை. ஆக, வழக்குப் போட ஆள் இல்லை, தியேட்டர் முன்னால் கொடி பிடிக்கவும் ஆள் இல்லை. தயாரிப்பாளர்கள் இதை யோசித்துத்தான் பெயர் வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. யோசிக்காமலே கை அந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வில்லன் தேர்வில் முதல் கேள்வி 'யார் கெட்டவன்?' என்பது அல்ல, 'யார் கோபித்துக்கொண்டால் நமக்கு நஷ்டம் இல்லை?' என்பதுதான். பட்டியலில் இருப்பவர்களை ஒவ்வொருவராக அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சுகிறவர் தலையில் கொம்பு வைக்கிறார்கள். ஹாலிவுட்டில் இதற்குக் கையும் களவுமான சாட்சி 'ரெட் டான்'. 1984-ல் வந்த மூலப்படத்தில் அமெரிக்காவுக்குள் புகுந்தவர்கள் சோவியத் படையினர். 2009-ல் மறுபடி எடுத்தபோது சீனர்கள் புகுந்தார்கள். படப்பிடிப்பும் முடிந்தது. அதற்குள் சீனாவில் திரையரங்குகள் பெருகி, அந்தச் சந்தையை இழக்க எந்த ஸ்டூடியோவுக்கும் மனம் இல்லை. கொடி, சின்னம் எல்லாவற்றையும் கணினியில் அழித்து, அதே நடிகர்களை வடகொரியர்கள் ஆக்கி 2012-ல் வெளியிட்டார்கள். வடகொரியாவில் டிக்கெட் விற்கப் போவதில்லையே! 'ராக்கி 4' (1985) படத்தில் இவான் டிராகோ என்ற சோவியத் குத்துச்சண்டை வீரராக நின்ற டால்ஃப் லண்ட்கிரன் சுவீடன்காரர். நடிக்கிற ஆள் எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை, திரையில் ஒட்டுகிற விலாசம்தான் கணக்கு. 2022-ல் 'டாப் கன்: மேவரிக்' வந்தபோது அந்த விலாசமும் போய்விட்டது. எதிரி நாட்டுக்குப் பெயர் இல்லை, எதிரி விமானிக்கு முகம் இல்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டிய தலைக்கவசம் மட்டும். அந்தப் படத்தின் கெட்டிக்காரத்தனம், எதிராளி காணாமல் போனதை மறைக்காமல் ஆட்டத்தையே மாற்றியது. மலையிடுக்கில் இரண்டரை நிமிடத்துக்குள் பறந்தாக வேண்டும் என்ற கெடுவை வைத்துச் சண்டையை ஓட்டப்பந்தயமாக்கிவிட்டார்கள். மேவரிக் 2 நிமிடம் 15 நொடியில் முடித்துக் காட்டும்போது நாம் பார்ப்பது போரை அல்ல, கடிகாரத்தை.

நம் பக்கத்தில் இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்க 'ஒக்கடு', 'கில்லி' இரண்டும் போதும். 2003-ல் மகேஷ் பாபுவின் கபடி வீரன் மோதியது கர்நூல் ஓபுல் ரெட்டியோடு. 2004-ல் விஜய்யின் கபடி வீரன் மோதியது மதுரை முத்துப்பாண்டியோடு. இரண்டு வில்லனும் பிரகாஷ்ராஜ். தெலுங்குக்காரருக்கு ராயலசீமை என்றால் வெடிகுண்டு, தமிழருக்கு மதுரை என்றால் அரிவாள் என்று யாரோ எப்போதோ எழுதிவைத்த முத்திரை. ஊர்ப் பெயர்ப் பலகையை மட்டும் கழற்றி மாட்ட முடிந்தது என்றால், அந்தப் படங்கள் கர்நூலைப் பற்றியும் அல்ல, மதுரையைப் பற்றியும் அல்ல. விநியோகக் கணக்கில் 'சீடெட்' என்று அழைக்கப்படும் ராயலசீமை, சித்தூர் உட்பட, இந்த முத்திரையை இருபது ஆண்டுகளுக்கு மேல் முணுமுணுப்போடு சகித்துக்கொண்டது. அதற்கு ஒரு காரணம், அந்த முத்திரை குத்திய படங்களில் கதாநாயகனும் பெரும்பாலும் சீமைக்காரனாக இருந்தது.

'புஷ்பா' (2021) இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்கியது. சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டும் கூலியை, சித்தூர்ப் பேச்சோடு கதாநாயகன் ஆக்கியது. அதே காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் இறந்த 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் என்பதை நினைத்தால், அந்தக் கூலி கதாநாயகன் ஆனது சாதாரண மாற்றம் இல்லை. படம் அந்தச் சாவுகளின் பக்கம் போகவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கடத்துகிறவன் கதாநாயகன் என்றால் முக்கிய எதிராளி யார்? வடக்கிலிருந்து வந்த, தோரணையிலேயே அந்நியமான போலீஸ் அதிகாரி பன்வர் சிங் ஷெகாவத். திருப்பதியிலும் காளஹஸ்தியிலும் ஷெகாவத்துகளுக்காகக் குரல் கொடுக்க யார் இருக்கிறார்கள்? கணக்கு சரியாகத்தான் இருந்தது, படம் வடக்கே போய் வசூலை அள்ளும்வரை. 2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது, அந்தக் குலப்பெயரை இழிவுபடுத்துவதாக ராஜபுத்திர அமைப்புத் தலைவர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார். பான் இந்தியா படத்துக்குத் 'தூரத்து ஊர்' என்று எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால்தான் 'பாகுபலி' காலகேயர் என்ற கூட்டத்தைப் புராணத்திலிருந்து பெயரெடுத்து உண்டாக்கி, அவர்களுக்கு மதன் கார்க்கியைக் கொண்டு கிளிக்கி என்ற மொழியையும் உண்டாக்கியது. யாருக்கும் தாய்மொழி அல்லாத மொழியைப் பேசுகிறவன் எந்தக் கவுன்டரிலும் வந்து சண்டை போட மாட்டான்.

இதனால் சண்டைக்கு என்ன கேடு என்று கேட்கலாம். விளையாட்டாகப் பார்த்தால் பெரிய கேடு. குத்துச்சண்டையில் வளர்கிற வீரனுக்குத் தோற்பதற்கென்றே ஆள் பிடித்துக் கொடுப்பார்கள். வெற்றிக் கணக்கு ஏறும், ஆட்டம் ஏறாது. எதிராளிக்கு இழக்க ஒன்று இருந்தால்தான் அடி விழும் சத்தம் நமக்குக் கேட்கும். காளஹஸ்தித் தலபுராணத்தில் உள்ள சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பு தினமும் மாணிக்கம் கொண்டுவந்து லிங்கத்துக்குச் சாத்துகிறது. யானை வந்து அதைத் தள்ளிவிட்டு, துதிக்கையால் நீராட்டி, வில்வம் வைக்கிறது. மறுநாள் பாம்பு வில்வத்தைத் தள்ளுகிறது. தன் பூசையை யாரோ கெடுக்கிறார்கள் என்று இரண்டுக்கும் கோபம். எடையில் ஒப்பீடே இல்லாத மோதல். எனவே பாம்பு வெளியே நின்று மோதவில்லை, துதிக்கைக்குள் புகுந்து கடிக்கிறது. யானை துதிக்கையைக் கல்லில் அறைகிறது. இரண்டும் சாகின்றன. உத்தி இருக்கிறது, திருப்பம் இருக்கிறது, இருபக்கமும் நியாயம் இருக்கிறது. எந்த ஃபைட் மாஸ்டருக்கும் இதைவிட நல்ல கரு கிடைக்காது. 1976 படத்திலும் பலர் நினைவில் நின்றது சாஸ்திரி வாங்கும் அடி அல்ல. அர்ஜுனனும் வேடன் வடிவில் வந்த சிவனும் ஒரே பன்றிக்கு உரிமை கோரி மோதும் கிராதார்ஜுனீயப் பகுதிதான். 2025 படத்தில் காளாமுகன் படையோடு நடக்கும் போருக்கு நியூசிலாந்து மலைகள், கிராஃபிக்ஸ், கூட்டம் என்று செலவுக்குக் குறைவில்லை. ஆனால் பாராட்டு விழுந்ததெல்லாம் கடைசியில் எதிராளியே இல்லாமல் கண்ணைத் தோண்டும் பகுதிக்கு. ஏனென்றால் காளாமுகன் தோற்பதற்காக மட்டுமே வந்தவன். அவன் தோற்றால் அவனுக்கே நஷ்டம் இல்லை.

நம்பியாரைப் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். எம்.ஜி.ஆர். படத்தில் நம்பியார் முழுக் கெட்டவர், நியாயம் ஒரு துளியும் கிடையாது, வாள்சண்டை மட்டும் இன்றைக்கும் நிற்கிறதே என்று. சரியான கேள்விதான். நியாயம் இல்லாத இடத்தில் நம்பியார் கொண்டுவந்தது திறமை. 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தில் கடற்கொள்ளைக்காரராக அவர் வாளைப் பிடிக்கும் பிடியைப் பாருங்கள். இவர் நினைத்தால் ஜெயித்துவிடுவார் என்ற பயம் வருகிறது. அவருக்கு ஊர் முத்திரை தேவைப்படவே இல்லை. 'கில்லி' 2024 ஏப்ரலில் மறுவெளியீடாக வந்தபோது முத்துப்பாண்டிக்கும் சேர்த்துத் தியேட்டர் அதிர்ந்ததற்குக் காரணம் மதுரை அல்ல, அந்த ஆளுக்கு இருக்கும் வெறிபிடித்த ஆசை. ஆக, எதிராளிக்கு மூன்றில் ஒன்றாவது வேண்டும்: நியாயம், திறமை, ஆசை. மூன்றும் இல்லாத இடத்தைத்தான் விலாசத்தை வைத்து நிரப்புகிறார்கள்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. நிஜத்தில் கெட்டவனுக்கு ஊர் உண்டு, சாதி உண்டு, நாடு உண்டு. ராயலசீமையில் ஃபேக்ஷன் கொலைகள் நடக்கவில்லையா, யார் மனமும் புண்படாமல் படம் எடு என்றால் கலை என்ன ஆவது என்பார்கள். புண்படுத்தக் கூடாது என்பது என் கட்சி அல்ல. சொல்லப்போனால், புண்படுத்தப் பயந்துதான் காலகேயருக்கும் முகமில்லா விமானிக்கும் ஓடுகிறார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், ஆனால் அந்த ஊர்க்காரன் ஏன் கத்தி எடுத்தான் என்பதையும் சொல்லுங்கள். ஓபுல் ரெட்டியையும் முத்துப்பாண்டியையும் இடம் மாற்ற முடிந்தது, அந்த 'ஏன்' இல்லாததால்தான். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் காளஹஸ்தி, நகரி, சத்தியவேடு வட்டாரத்து ரசிகருக்கு இது நன்றாகவே தெரியும். ஒரு மொழிப் படத்தில் தன் ஊர் வில்லன், இன்னொரு மொழிப் படத்தில் தன் மொழி வில்லன் என்று இருபக்கமும் வாங்கிப் பழகியவர் அவர்.

இப்படிப் படம் எடுத்தால் ஓடுமா என்ற சந்தேகத்துக்கு 2020-ல் மலையாளத்தில் சச்சி எடுத்த 'அய்யப்பனும் கோஷியும்' பதில் சொல்லிவிட்டது. அட்டப்பாடியில் மதுபாட்டிலோடு பிடிபட்ட முன்னாள் ராணுவ ஹவில்தார் கோஷி, பிடித்த சப்-இன்ஸ்பெக்டர் அய்யப்பன் நாயர். ஒருவருக்குப் பணமும் திமிரும், இன்னொருவருக்குச் சட்டமும் பழைய கோபமும். இருவர் பக்கமும் சரியும் உண்டு தப்பும் உண்டு. இறுதிச் சண்டையில் பறப்பது இல்லை, ஸ்லோ மோஷன் அலங்காரம் இல்லை. கழுத்தைப் பிடித்தால் விடாத முரட்டு மல்யுத்தம், மூச்சிரைப்பு, புழுதி. யார் ஜெயிக்க வேண்டும் என்று பார்ப்பவருக்கே தெரியாது. படம் ஓடியது, சண்டைப் பயிற்சிக்கான 68-வது தேசிய விருதும் அந்தப் படத்துக்காக ராஜசேகர், மாஃபியா சசி, சுப்ரீம் சுந்தர் மூவருக்கும் கிடைத்தது. 2022-ல் அதைத் தெலுங்கில் எடுத்தபோது படத்தின் பெயர் 'பீம்லா நாயக்', அதாவது அய்யப்பன் இடத்தில் வருபவரின் பெயர் மட்டும். கோஷியின் இடத்தில் ராணா நடித்த டேனியல் சேகர் படம் முழுக்க இருக்கிறார், தலைப்பில் மட்டும் இல்லை.