கோணவாய்க்கு ஒரு குளோசப்

நம்ம ஊர் காமெடி சீன் ஒன்று. நம்ம ஆள் பல் டாக்டரிடம் போவார். ஊசி போடுவார்கள். வெளியே வரும்போது வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கும், பேச்சு குழறும். தியேட்டரில் விசில் பறக்கும். எந்தப் படம் என்று கேட்காதீர்கள். இந்த மாதிரி நாலைந்தாவது நீங்களே பார்த்திருப்பீர்கள். காமெடியனுக்கு மட்டுமில்லை, வில்லனின் அடியாளுக்கும் இதே கோணவாயை ஒட்டிவிடுவது நம் மேக்கப்மேன்களின் வழக்கம். ஒன்று நாம் சிரிக்கணும், இல்லை பயப்படணும். அந்த முகத்துக்கு மூன்றாவதாக ஒரு வேலையை நம் சினிமா கொடுத்து நான் பார்த்ததில்லை.

நாகர்கோவிலில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு இந்தக் காட்சிகள் வந்தால் டிவியை அணைத்துவிடுகிற பழக்கம். காரணம் இருக்கிறது.

இடது காதில் போனை வைத்தால் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. போன் ரிப்பேர் என்று நினைத்து செல்போனை மாற்றினார். அப்புறம் காதில் ஓயாத இரைச்சல். அப்புறம் நடையில் ஒரு தள்ளாட்டம். ஸ்கேன் எடுத்தால், அக்கூஸ்டிக் நியூரோமா. காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பில் வளரும் கட்டி. புற்றுநோய் இல்லை. மெதுவாக வளரக்கூடியது. சின்னதாக இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே இருக்கலாம். கதிர்வீச்சு சிகிச்சையும் உண்டு. பெரிதாகிவிட்டால் ஆபரேஷன்தான்.

சிக்கல் எங்கே என்றால், முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும் இதே எட்டாவது நரம்பும் காதுக்குள் எலும்பின் ஊடே ஒரே குறுகலான சந்தில் போகின்றன. ஒட்டுச்சுவர் வீடு மாதிரி. இந்த வீட்டை இடித்தால் அந்த வீட்டுச் சுவரும் ஆடும். நரம்பு அறுபடாமலே இருந்தாலும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்யலாம்.

திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். கட்டி போயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை. சினிமாவாக இருந்தால் இங்கே கட்டைப் பிரித்து, பாட்டுப் போட்டு, 'சுபம்'.

அண்ணாச்சிக்குக் கதை அங்கேதான் ஆரம்பித்தது. இடது கண் மூடவில்லை. காய்ந்துபோனால் கருவிழி புண்ணாகிவிடும் என்று பகலெல்லாம் சொட்டு மருந்து, ராத்திரி இமை மேல் டேப். டீ குடித்தால் ஓரமாக ஒழுகும். 'ப'வும் 'ம'வும் உதட்டில் நிற்காது. கடைக்கு வருகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, காலையிலேயே போட்டாச்சா?" என்பார்கள். பக்கவாதமா என்று கேட்டு இரக்கப்படுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

"தம்பி, கட்டியை டாக்டரு எடுத்துட்டாரு. இந்தக் கேள்வியை எந்த டாக்டருட்ட போய் எடுக்க?" என்றார் என்னிடம்.

நடிகர்களுக்கே இது வந்தால்? வந்திருக்கிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் ஷியாமளன் 2002-ல் எடுத்த 'சைன்ஸ்' படத்தில் கதாநாயகனின் தம்பியாக நடிக்க இருந்தவர் மார்க் ரஃபலோ. இதே கட்டி அவருக்கும் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு முகத்தின் ஒரு பாதி செயலிழக்க, வேடம் ஹாக்கின் ஃபீனிக்ஸுக்குப் போனது. சுமார் ஒரு வருடத்தில் ரஃபலோவின் முகம் திரும்பியது. ஒரு காது திரும்பவேயில்லை. 2012-ல் 'அவெஞ்சர்ஸ்' ஹல்க்காகக் கைத்தட்டல் வாங்கியவர் அவர்தான்.

இங்கே அனுபம் கேர். கட்டி இல்லை, வேறு விதமான முகவாதம். 1994-ல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படப்பிடிப்பின்போது வந்தது. ஓய்வெடுக்காமல் நடித்தார். தலையணை விளையாட்டுக் காட்சியில் 'ஷோலே' தர்மேந்திராவாக அவர் செய்யும் கலாட்டா அந்த நிலையில் எடுக்கப்பட்டதுதான். அவர் தைரியத்துக்கு ஒரு சல்யூட். ஆனால் காட்சியைக் கவனியுங்கள். கலாட்டாவுக்குள் அந்த முகம் கரைந்துவிடுகிறது. பார்க்கிறவர்கள் அதையும் மிமிக்ரி என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரு படத்தில் கோணல் முகத்துக்கு இடமே இல்லை. இன்னொன்றில் கூத்தடித்தால் இடம் உண்டு.

என் குறை இதுதான். நான் பி.காம். படித்தவன்; கணக்கை எந்தத் தேதியில் முடிக்கிறோம் என்பதில் எல்லாமே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நம் சினிமா நோயின் கணக்கை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு அணைந்ததும் முடித்துவிடுகிறது. நிஜத்தில் நரம்பு மறுபடி வளர்வது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கண்ணாடி முன்னால் நின்று மெதுவாக, மிக மெதுவாக உதட்டை அசைத்துப் பழகணும். அவசரப்பட்டு முகத்தை முறுக்கினால் ஆகாது. வளர்கிற நரம்பு சில சமயம் வழி தவறி வேறு தசைக்குப் போய்விடும். அப்போது சிரித்தால் கண் தானாகச் சுருங்கும். பல மாதம் கழித்து உதட்டோரத்தில் ஒரு சின்னத் துடிப்பு தெரிந்த அன்று அண்ணாச்சியின் மனைவி பாயசம் வைத்தாராம். இதைவிட ஒரு கிளைமாக்ஸ் வேண்டுமா? ஏன் ஒரு டைரக்டரும் கேமராவை அங்கே வைப்பதில்லை?

'அப்போ காமெடியே கூடாதா சார்?' என்று கேட்பீர்கள். கூடும். 2024 ஜூலையில் ஒரு இந்திப் படம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமே இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்கிறது. ஊனமுள்ளவரை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு, ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு.

நாகர்கோவில்காரர்களுக்கு இதை நீதிமன்றம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1908-ல் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1949-ல் 'நல்லதம்பி' எடுத்தபோது குடிப்பழக்கத்தைத்தான் சாடினார். மனுஷனின் பழக்கத்தை, மூடத்தனத்தைக் கேலி செய்யலாம்; அதை அவன் மாற்றிக்கொள்ள முடியும். நரம்பு அவன் பேச்சைக் கேட்காது.

டைரக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த படத்தில் ஒரு கோணல் முகத்துக்கு வேஷம் கொடுங்கள். நோயாளி வேஷம் வேண்டாம். கடையில் பாக்கி வசூலிக்கட்டும், மகள் கல்யாணத்துக்குப் பந்தலில் நின்று வரவேற்கட்டும், பேரம் பேசட்டும். முகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவேண்டாம். ஒரே ஒரு குளோசப் போதும். அதைப் பார்த்துப் பழகிய கண், மறுநாள் கடை வாசலில் 'காலையிலேயே போட்டாச்சா' என்று கேட்காது.