தீமையைக் காட்டும் மந்திரம் தீர்ப்பும் சொல்லுமா?



இந்த முறை நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது கதையோ கவிதையோ இல்லை, ஒரு விளையாட்டின் விதி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டை மாணவர்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, பேச்சாலேயே ஒரு கதையை நடத்திக்கொண்டு போவார்கள். டஞ்சன் மாஸ்டர் எனப்படும் நடத்துநர் விதிகளுக்குப் பொருள் சொல்வார். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974-இல் அமெரிக்காவில் வெளியானது.

இதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘அலைன்மெண்ட்’ ஒன்று உண்டு. நாம் அதை அறச்சார்பு என்று சொல்லலாம். 1974-இல் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்று சார்புகள்தாம் இருந்தன. 1978-இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் நன்மையும் தீமையும் அவற்றோடு சேர்ந்து மொத்தம் ஒன்பதாயின. இந்தச் சார்பைக் கண்டுபிடிக்கும் மந்திரங்களில் பேர்போனது ‘டிடெக்ட் ஈவில்’, அதாவது தீமை கண்டறிதல்.

ஆட்டக்காரர்கள் நெடுநாளாக மல்லுக்கட்டும் கேள்வி இதுதான்: மந்திரம் ஒருவனைத் தீயவன் என்று காட்டிவிட்டால், வீரன் அவனை அங்கேயே வெட்டிச் சாய்க்கலாமா? ‘மந்திரமே சொல்லிடுச்சு, அப்புறம் என்ன விசாரணை?’ என்பது ஒரு கட்சி. கூடாது என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. அதற்கு ஆதாரம் என் நல்லெண்ணம் இல்லை, விதியின் வாசகமே. முழுசாகப் படித்தால் தெரியும்.

நாலு பேர், நாலு பதில்

ஒரு சத்திரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே நாலு பேர். முதலாமவர் ஈவிரக்கமில்லாத வட்டிக்காரர். அடுத்தவர் துன்பத்தில் இன்பம் காண்பவர், ஆனால் இன்றிரவு யாருக்கும் எந்தக் கெடுதலும் திட்டமிடவில்லை. இரண்டாமவன் பல உயிர்களைப் பறித்த கூலிக்கொலையாளி, பத்தாம் நிலை ஆள். மூன்றாமவர் தீய தெய்வம் ஒன்றின் பூசாரி, ஐந்தாம் நிலை. ஆனால் அவருடைய சொந்தச் சார்பு ஒழுங்கை ஒட்டிய நடுநிலை. நாலாமவர் நல்ல மனிதர், மகனைப் பறிகொடுத்த தந்தை. தப்பான ஓர் ஆளைச் சந்தேகித்து, அவனைக் குத்த மடியில் கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது மந்திரத்தைப் போடுவோம். 1974-ஆம் ஆண்டின் விதி மிகச் சிறியது. தீய எண்ணத்தையும் நோக்கத்தையும், தீய மந்திரமேறிய பொருளையும் அது காட்டும். நஞ்சு நல்லதும் அல்ல, தீயதும் அல்ல என்று ஒரு குறிப்பும் உண்டு. இதன்படி நம் கண்ணில் முதலில் படுபவர் அந்த நல்ல தந்தைதான்! நஞ்சு கலந்த கிண்ணமோ படவே படாது. கலந்தவனின் மனசில்தான் தீமை, கிண்ணத்தில் இல்லை.

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு இன்னும் கறாரானது. ஒருவரின் சார்பு அபூர்வமாகத்தான் வெளிப்படும். அவர் தம் சார்பில் உறுதியானவராக, குறைந்தது ஒன்பதாம் நிலையினராக, அதற்கேற்ற செயலில் முனைந்திருப்பவராக இருக்க வேண்டும். அப்படியும் ‘வெளிப்படலாம்’ என்றுதான் விதி சொல்கிறது. நம் நாலு பேரில் கொலையாளி ஒருவனுக்கே அந்த வாய்ப்பு, அதுவும் அவன் காரியத்தில் இறங்கியிருந்தால்.

2003-இல் வந்த 3.5 பதிப்பில் கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே மந்திரம் தேடுவது எண்ணத்தை இல்லை, சார்பின் ஒளியை. வட்டிக்காரர் அகப்படுவார், கொலையாளியும் அகப்படுவான். பூசாரி தாம் தீயவர் இல்லாவிட்டாலும் தெய்வத்தின் ஒளியைச் சுமப்பதால் அகப்படுவார். கத்தியோடு இருக்கும் தந்தை தப்பிவிடுவார்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ நாலு பேருமே தப்பிவிடுவார்கள். அதன் பெயர் ‘நன்மை தீமை கண்டறிதல்’ என்று இருந்தாலும், அது தேடுவது பேய், தேவர், இறந்தும் நடமாடும் பிணம் முதலிய ஆறு வகை உயிர்களை. புனிதப்படுத்திய இடத்தையும் தீட்டுப்படுத்திய இடத்தையும் காட்டும். சாதாரண மனிதரின் குணம் அதற்குத் தெரியாது.

ஆக, தீமை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு 1974 ‘எண்ணத்தில்’ என்கிறது, 2003 ‘குணத்தில்’ என்கிறது, 2014 ‘பிறவி இயல்பில்’ என்கிறது. சொல் ஒன்றுதான், சுட்டும் பொருள் வேறு. பெயரை மட்டும் படித்துவிட்டு வாதாடுகிறவர் எந்த மேசையிலும் தோற்பார்.

ஒளியின் அளவு பாவத்தின் அளவா?

3.5 பதிப்பை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் ‘வெட்டலாம்’ கட்சிக்கு அதுதான் பெரிய பலம். அந்த விதியில் ஒளியின் வலிமைக்கு ஓர் அட்டவணை உண்டு. சாதாரணத் தீயவர் பத்தாம் நிலை வரை மங்கலாகவே தெரிவார். தீய தெய்வத்தின் பூசாரியோ ஐந்தாம் நிலையிலேயே பலமாக ஒளிர்வார். பல கொலை செய்தவன் மங்கல், கொலையே செய்யாத பூசாரி பிரகாசம். பார்த்தீர்களா? அட்டவணை அளப்பது கொடுமையை அல்ல, சக்தியை. ‘ரொம்பப் பளிச்சுன்னு தெரியுது, அப்போ இவன்தான் பெரிய அயோக்கியன்’ என்று முடிவு கட்டினால் ஆளை மாற்றித்தான் வெட்டுவோம்.

இன்னொன்று, மந்திரம் சுற்றுச் சுற்றாகத்தான் வேலை செய்யும். ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. முதல் சுற்றில் தீமை இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். இரண்டாம் சுற்றில் எத்தனை ஒளிகள், அவற்றில் வலியது எவ்வளவு வலியது என்பது தெரியும். எது எங்கே இருக்கிறது என்பது மூன்றாம் சுற்றில்தான். முதல் சுற்றிலேயே வாளை உருவுகிறவனுக்கு, அறையில் ஏதோ இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அகப்படாதவன் நல்லவன் என்றும் சொல்லிவிட முடியாது. மெல்லிய ஈயத் தகடு ஒன்று போதும், மந்திரம் மறைந்துபோகும். சார்பை மறைக்கும் வேறு மந்திரமும் அதே புத்தகத்தில் இருக்கிறது. வெளுத்ததெல்லாம் பால் அல்ல.

அனுமதி எங்கே எழுதியிருக்கிறது?

இந்தச் சக்தியை நினைத்தபோதெல்லாம் பயன்படுத்தக்கூடியவர் பாலடின் என்ற அறவீரர். அவருடைய ஒழுக்க விதி என்ன சொல்கிறது? முறையான அதிகாரத்தை மதிக்க வேண்டும். அப்பாவிகளுக்குத் தீங்கு செய்பவரையும், தீங்கு செய்வதாக மிரட்டுபவரையும் தண்டிக்க வேண்டும். ‘தீயவராக இருப்பவரைத் தண்டிக்க வேண்டும்’ என்று அங்கே இல்லை. தண்டனைக்கு அடிப்படை செயல், சார்பு இல்லை. அவரே தெரிந்து ஒரு தீச்செயல் செய்துவிட்டால் சக்திகளை இழந்துவிடுவார். மந்திர விதியையும் ஒழுக்க விதியையும் சேர்த்துப் படித்தால் பொருள் தெளிவாகிறது: மந்திரம் ஒரு துப்பு. விசாரிக்கத் தூண்டும், தண்டிக்க உரிமை தராது.

‘அப்படின்னா இந்த மந்திரத்தால் என்னதான் பயன்?’ என்று எதிர்க்கட்சி கேட்கலாம். நியாயமான கேள்விதான். பயன் இருக்கிறது. யாரைக் கவனிக்க வேண்டும், யாரிடம் ரகசியம் பேசக்கூடாது, எந்தக் கதவைத் திறக்குமுன் யோசிக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. வட்டிக்காரர் மேல் கண் வைக்கச் சொல்கிறது, கழுத்தில் வாள் வைக்கச் சொல்லவில்லை.

2014-ஆம் ஆண்டின் மாற்றம் இந்தச் சண்டையை ஒரேயடியாகத் தீர்த்துவிட்டது உண்மைதான். ஆனால் கூடவே ஒரு நல்ல சிக்கலையும் எடுத்துவிட்டது. தீயவன் என்று தெரிந்தும் இன்னும் குற்றம் செய்யாத ஒருவனோடு எப்படி நடந்துகொள்வது என்ற கேள்வியை 3.5 பதிப்பு வீரனின் மடியில் போட்டது. புதிய விதி அதைக் கேட்பதே இல்லை. தெளிவு கூடியது, ஆழம் குறைந்தது. என் மதிப்பீட்டில் பழைய விதிதான் வளமானது, பொறுமையாகப் படிக்கிற மேசை கிடைத்தால்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இந்த நாலு பேரையும் மாணவர்களிடம் கொடுத்து உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளாக்கலாம். விதி எதைக் கண்டறிகிறது? எதைக் கண்டறியாது? கண்டறிந்த பின் என்ன செய்யலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது? எந்தக் கருத்துணர்தல் பகுதிக்கும் பொருந்தும் கேள்விகள்தாம் இவை. மாணவர்களே, மூன்றாவது கேள்விக்குப் பகுதியில் ஆதாரம் கிடைக்கவில்லையா? ‘ஆதாரம் இல்லை’ என்றே எழுதுங்கள், நீங்களாக ஒன்றைச் சேர்க்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. புது வகுப்பு கைக்கு வரும்போது, ‘அந்தப் பையன் கொஞ்சம் அப்படித்தான்’ என்ற பேச்சும் கூடவே வந்துவிடுவது உண்டு. அதையும் துப்பாக மட்டும் வைத்துக்கொள்வோம். அந்தப் பையன் இந்த வகுப்பில் இன்னும் எதுவுமே செய்யவில்லை.