அணிவிக்கும் கை

தன்வினை, பிறவினை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ‘அணிந்தாள், அணிவித்தாள்’ என்று கரும்பலகையில் எழுதுவேன். முதலாவதற்கு ஒருத்தி போதும். இரண்டாவதற்கு இரண்டு பேர் வேண்டும். மழலையர் காப்பகங்களில் முகக்கவசம் பற்றிக் கொரோனா காலத்தில் வெளியான வழிகாட்டு நெறிமுறைகளை அண்மையில் மறுபடி படித்தபோது, அந்த இரண்டாவது ஆளைத்தான் தேடினேன்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று 2020 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூறின. பிறர் உதவி அதிகமின்றி முகக்கவசத்தைச் சரியாகக் கையாளும் திறனை அவை ஓர் அளவுகோலாக வைத்தன. இந்திய அரசும் 2021 ஜூனில் ஐந்து வயதுவரை பரிந்துரைக்கவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமோ இரண்டு வயதிலிருந்தே வேண்டும் என்றது. நியூயார்க் நகரில் 2022 மார்ச்சில் பள்ளி மாணவர்களுக்கு விலக்களித்த பிறகும், தடுப்பூசி இல்லாத 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு ஜூன்வரை கட்டாயம் நீடித்தது. பெற்றோர் கொதித்தார்கள், வழக்கும் நடந்தது.

இரு தரப்பு வாதங்களிலும் குழந்தையின் மூச்சும் பேச்சும் நோயும் இருந்தன. நியாயமான கவலைகள்தாம். ஆனால் அந்த ‘உதவி’ யாருடையது? அமெரிக்காவிலும் இங்கும் காப்பகப் பணியாளர்கள் பெரும்பாலும் பெண்கள், குறைந்த கூலிக்காரர்கள். மூன்று வயதுக் குழந்தை முகக்கவசம் அணிவதில்லை. அதற்கு ஒருத்தி அணிவிக்கிறாள். ஆவணங்களின் வாக்கியங்களில் அந்த எழுவாய் தொக்கி நிற்கிறது.

2022 பிப்ரவரியில் இங்கே மழலையர் வகுப்புகள் திறந்தபோது தங்கை மகளைக் கொண்டுபோய் விடுவது என் வேலை. அரசு கேட்காத முகக்கவசத்தை அந்தப் பள்ளி கேட்டது. பையில் மாற்றுக்கு இரண்டு வைக்கச் சொன்னார்கள். ஒருநாள் சீக்கிரம் போய்விட்டேன். ஆயாம்மா வரிசையாகக் குழந்தைகளுக்கு மாட்டிக்கொண்டிருந்தார். எச்சிலில் ஊறியவை ஒரு வாளியில் கிடந்தன.

“காலையிலேருந்து இதேதானா?” என்றேன்.

“இல்லீங்க டீச்சர். ஒண்ணுக்கு மாட்டினா இன்னொண்ணு கழட்டிடுது. நடுவுல விட்டுருவேன். பெத்தவங்க வர்ற நேரத்துல மட்டும் எல்லாத்துக்கும் இருக்கணும்னு சொல்லிருக்காங்க.”

மூக்கைத் துடைத்த கையாலேயே அடுத்த குழந்தையின் காதில் நாடாவை மாட்டினார். அவருடைய முகக்கவசம் துவைத்துத் துவைத்து வெளுத்த துணி. காய்ச்சல் என்று வீட்டில் இருந்தால் அன்றைய சம்பளம் கிடையாது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

நான் இதில் வெளியாள் அல்ல. வீட்டில் சர்க்கரை நோயோடு அம்மா இருந்தார். தங்கை வேலைக்குத் திரும்பியே ஆக வேண்டும். பள்ளி முகக்கவசம் கேட்டபோது எங்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மாருக்காகக் காப்பகங்களைத் திறக்கச் சொன்ன பெண்ணியக் குரல்களில் என்னுடையதும் உண்டு. அந்தத் திறப்புக்கான விலையை இன்னொரு பெண்ணின் கைகள் கொடுத்தன என்பதை நான் எங்கும் எழுதவில்லை.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டாயம் கூடாது என்பதே என் நிலை. தானே போட்டுக்கொள்ளவும் கழற்றவும் தெரியாத பிள்ளைக்கு அது பாதுகாப்பு என்பதைவிட, பார்க்க வருகிறவர்களுக்கான காட்சி. பெரியவர்கள் நல்ல முகக்கவசம் போடலாம், ஜன்னல்களைத் திறக்கலாம். ஓர் ஆயாவிடம் விடும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், காய்ச்சல் வந்த ஆயாவுக்குச் சம்பளத்தோடு விடுப்பும் தரலாம். கடைசி இரண்டுக்கும் நிர்வாகம் பணம் செலவழிக்க வேண்டும். குழந்தையின் முகக்கவசத்தைப் பெற்றோரே வாங்கிவிடுவார்கள்.

“உங்க காலேஜ்ல நீங்கதான் மாட்டி விடுவீங்களா டீச்சர்?” என்று கேட்டார் ஆயாம்மா, கடைசிக் குழந்தைக்கு மாட்டியபடி.

“இல்லம்மா, அவங்களே போட்டுக்குவாங்க.”

“குடுத்து வெச்சவங்க” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.