பிறப்பிடமும் வதிவிடமும்

பத்திரிகையில் வரும் மரண அறிவித்தலை எழுத்தென்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வாசகம் ஆயத்தமாக இருக்கிறது, பெயர்களைப் போட்டால் போதும் என்பது நினைப்பு. பரந்தன் பக்கத்துக் கமக்காரர் ஒருவருக்கு வந்த அறிவித்தலையும், சில வருடங்கள் கழித்து அவர் மனைவிக்கு வந்ததையும் அருகருகே வைத்து வாசித்தால் அந்த நினைப்பு மாறும்.

வடமராட்சியிலோ தீவகத்திலோ ஓர் ஊரைப் 'பிறப்பிடமாகவும்', பரந்தன் குமரபுரத்தை 'வதிவிடமாகவும்' கொண்ட என்று முதல் வரி தொடங்கும். அந்த இரண்டு ஊர்ப் பெயர்களுக்கு நடுவே ஒரு தலைமுறையே ஆனையிறவைக் கடந்து வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி போதாமல், 1930களில் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றத்தை நம்பி வந்தவர்கள். காடு வெட்டி, மலேரியாவில் கிடந்தெழும்பி, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர்கள். இத்தனையையும் சொல்லாமல் சொல்கிற வரி, பிறந்த ஊரையும் விடவில்லை, வாழ்ந்த ஊரையும் குறைக்கவில்லை.

அடுத்தது தொழில். ஆசிரியர் என்றால் 'ஓய்வுபெற்ற ஆசிரியர்'. தபாலதிபர் என்றாலும் அப்படித்தான். கமக்காரருக்கும் 60 வயதில் ஓய்வூதியம் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அறிவித்தலிலோ அவர் வெறும் கமக்காரர்தான். அதுவே சரி. எண்பதைத் தாண்டியும் காலபோக விதைப்பு நேரம் வரம்பில் நின்று, "தம்பி, அந்த மடையை வெட்டி விடடா" என்று சத்தம் போடுகிற மனிதருக்கு ஓய்வு எங்கே வந்தது?

மனைவியின் அறிவித்தலில் தொழில் என்ற வரியே இல்லை. இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் பாசமிகு மனைவி, பிள்ளைகளின் தாயார், மருமக்களின் மாமியார் என்று உறவுகளே வரிசையில் நிற்கின்றன. பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் கனடா, சுவிஸ், லண்டன். களை பிடுங்கிய கை, விதைநெல்லைக் காயவைத்து மூடை கட்டிய கை எங்கும் தெரிவதில்லை. செத்தவீட்டில் மட்டும் அது கொஞ்சம் தெரியும். இறுதிக் கிரியையில் சுண்ணம் இடிக்க வைக்கும் உரலும் உலக்கையும் அவர் நாளெல்லாம் புழங்கியவை. எட்டுச் செலவுக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கும்போதுதான், அவருக்கு எது பிடிக்கும் என்று வீடு முதல் முறையாக யோசிக்கிறது.

நான் மிகவும் நின்று வாசிப்பது இன்னோர் இடம். யுத்தத்தின் கடைசி மாதங்களில், 2009 ஜனவரி 1இல் பரந்தன் இராணுவத்தின் கைக்குப் போனது. முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போன சனத்தில் செத்தவர்கள் பலருக்குக் கிரியையும் இல்லை, அறிவித்தலும் இல்லை. அப்படிக் கணவனை இழந்த மனைவி பிறகொரு நாள் கண்மூடும்போது, 'காலஞ்சென்ற' என்ற சொல்லோடு கணவனின் பெயரும் கூடவே அச்சேறுகிறது. மனைவியின் அறிவித்தலே கணவனுக்கும் முதல் அறிவித்தல்.

குடியேற்றத்தில் அனுமதிப்பத்திரத்தோடு கிடைத்த 'பெர்மிட்' காணியின் உரிமையாளர் இறந்தால், அவர் துணை ஆயுள்வரை அதை ஆள 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இடம் கொடுக்கிறது. காணியில் மனைவிக்குள்ள பங்கைச் சட்டமே ஒத்துக்கொள்ளும்போது அறிவித்தல் மட்டும் ஏன் தயங்க வேண்டும்? அம்மாவுக்கு அறிவித்தல் எழுதும் பிள்ளைகள் 'கமக்காரர்' என்ற சொல்லை அவர் பெயரோடும் சேர்க்கலாம். அது புகழ்ச்சியல்ல, அவருக்குச் சேரவேண்டிய பங்கு.