எழுத்தையும் கட்டி அனுப்பும் நூல்

தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. 1578-இல் கொல்லத்தில் அச்சானது, 16 பக்கம். அதன் கடைசிப் பக்கத்தில், முந்தைய ஆண்டு கோவாவில் வார்த்த எழுத்துகளையும் கொல்லத்தில் புதிதாக வார்த்த எழுத்துகளையும் வரிசையாக அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தபின், சொன்ன எழுத்துகளையும் எடுத்துக் காட்டிவிட்டுப் போகிறார் அச்சுக்காரர். நல்ல மின்னூல் ஒன்றின் கோப்பைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கம் நினைவுக்கு வரும்.

மின்னூலின் ஈபப் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே அத்தியாயங்கள் இருக்கும், படங்கள் இருக்கும், எந்த வரி எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லும் நடைத்தாள் இருக்கும். சில நூல்களில் இன்னொரு கோப்புறையும் இருக்கும்: எழுத்துருக்கள். வாசிப்பவரின் போனில் என்ன எழுத்து இருக்கிறதோ இல்லையோ என்று ஊகித்துக்கொண்டிராமல், நூலைச் செய்தவர் தம் எழுத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறார்.

சாதாரண நாவலுக்கு இது தேவையே இல்லை. இன்றைய போன்களில் நல்ல தமிழ் எழுத்துரு இருக்கிறது. தேவை எங்கே வருகிறதென்று பார்க்க வேண்டுமானால் ‘கணக்கதிகாரம்’ போன்ற ஒரு பழைய கணித நூலை மின்னூலாக்க முயல வேண்டும். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று, மாகாணி 16-இல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நம் கணக்கர்கள் தனிக் குறி வைத்திருந்தார்கள். உழக்கு, குறுணி, காசு, வராகன், குழி, வேலி, நஞ்சை, புஞ்சை என்று அளவைக்கும் பணத்துக்கும் நிலத்துக்கும் வேறு குறிகள். ஒரு பின்னத்தை இன்னும் 320-ஆகப் பகுக்கும் ‘கீழ்’ என்பதற்குக்கூட ஒரு குறி உண்டு. இப்படி 51 குறிகள் 2019-இல் யூனிகோடின் 12-ஆம் பதிப்பில் இடம்பெற்றன. ஓலையிலும் கணக்கேட்டிலும் வாழ்ந்த குறிகளுக்குக் கணினியில் நிரந்தர முகவரி கிடைத்தது.

முகவரி கிடைத்துவிட்டால் வீடு கட்டியாயிற்று என்று ஆகிவிடாது. பல கருவிகளில் இந்தக் குறிகளுக்கு வடிவம் இல்லை. டப்பா டப்பாவாகத் தெரியும். அதற்குப் பயந்து பலர் குறிகளைச் சின்னச் சின்னப் படங்களாக நடுவில் ஒட்டினார்கள். அப்படிச் செய்த பக்கத்தை இரவு வாசிப்புக்கு மாற்றிப் பாருங்கள்: கறுப்புத் தரையில் வெள்ளைச் சதுரங்கள் பளிச்சென்று நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி வளரும், குறி வளராது. தேடினால் அகப்படாது.

சரியாகச் செய்தவர் ஒரு சிறிய எழுத்துருவை உட்பொதித்திருப்பார். முழு எழுத்துருவையும் திணிக்காமல், நூலில் வரும் குறிகளுக்கு வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்துச் சேர்த்திருப்பார். சில கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். நடைத்தாளில் குறிகளுக்கு மட்டும் அதைச் சொல்லிவிட்டு, மற்ற வரிகளை வாசகரின் விருப்பத்துக்கு விட்டிருப்பார். கண் மங்கிய ஒரு தாத்தா தமக்குப் பழகிய எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு படிக்கலாம்; முந்திரியும் காணியும் அந்த அளவுக்கே வளர்ந்து, வரியோடு வரியாக நிற்கும். இந்த அடக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

இதைவிட நுட்பமான ஒன்று பழைய ‘லை’. 1978-இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தும்வரை லை, ளை, ணை, னை நான்கும் தலையில் தும்பிக்கை வைத்துக்கொண்டிருந்தன. ணா, றா, னா தனியே துணைக்கால் வாங்காமல் தம் வாலையே சுழித்துக்கொண்டிருந்தன. பழைய பதிப்பு ஒன்றை அதே முகத்தோடு காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யூனிகோடில் பழைய லைக்கென்று தனி இடம் கிடையாது, தேவையும் இல்லை. ல, அதற்குப் பின் ஐகாரக் குறி, அவ்வளவே. இரண்டும் சேர்ந்தால் எந்த வடிவம் தோன்ற வேண்டும் என்பதை எழுத்துரு முடிவுசெய்கிறது. ஆகவே தும்பிக்கை லை உள்ள எழுத்துருவை உட்பொதித்தால் கண்ணுக்குத் தெரிவது நம் தாத்தா படித்த ‘மலை’. தேடுபொறிக்குத் தெரிவது இன்றைய ‘மலை’. ஒரு பேத்தி அந்த வரியை நகலெடுத்துத் தோழிக்கு அனுப்பினால் அங்கே இன்றைய வடிவத்தில் போய் இறங்கும். காகிதத்தில் செய்ய முடியாத வேலை இது.

இதற்கு நேரெதிரான முறையும் நம்மிடம் நெடுநாள் இருந்தது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தெரியும் சொல்லுக்கு அடியில் கிடப்பவை ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதை அப்படியே உட்பொதித்தாலும் திரையில் அழகாகத் தெரியும். ஆனால் எழுத்துரு கழன்ற மறுகணம் நூல் குப்பையாகிவிடும். பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அந்த ஜேயையும் கேயையும் உச்சரிக்கும். பாமினி போன்ற எழுத்துருக்கள் தம் காலத்தில் எத்தனையோ பத்திரிகைகளையும் நூல்களையும் சுமந்தன. அந்த நன்றி எனக்கு உண்டு. இன்று ஒரு மின்னூலை அவற்றின் மேல் கட்டக் கூடாது.

தடித்த எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண எழுத்துருவை மட்டும் பொதித்துவிட்டுத் தலைப்பைத் தடிமனாக்கச் சொன்னால், வாசிப்புச் செயலி தானே மை பூசித் தடிக்க வைக்கும். ‘ண’வின் சுழிகள் அடைத்துப் போகும், ‘ஞ’ ஒரு கறை போல ஆகும். தடித்த வடிவத்தைத் தனியே வரைந்த எழுத்துருவில் சுழிக்குள் வெளிச்சம் இருக்கும். சாய்வெழுத்தும் இப்படித்தான்: தமிழுக்கு மரபான சாய்வு வடிவம் கிடையாது, செயலி நேரான எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. நூற்பெயரை மேற்கோள் குறிக்குள் வைப்பதே நமக்கு அழகு. வரி இடைவெளியையும் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். மேல் வரியின் ‘ளூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் இடித்துக்கொள்ளாமல் இருக்க.

எழுத்துருவைப் பொதித்ததோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் நம்மவர்கள் பட்டுத்தான் அறிந்தார்கள். ‘கொ’ என்பதில் கொம்பு முன்னே, ககரம் நடுவே, கால் பின்னே என்று அடுக்குவது வாசிப்புக் கருவியின் வேலை. அதற்கு அந்த அறிவு இல்லையென்றால் எவ்வளவு நல்ல எழுத்துரு இருந்தும் கொம்பு பின்னால் போய் நிற்கும். அமேசானின் கிண்டில் மின்னூல் கடை 2016 டிசம்பரில்தான் தமிழ் நூல்களுக்குத் திறந்தது. அதற்கு முன்பே மின்னூல்களை இலவசமாக வெளியிட்டுவந்த ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தன்னார்வலர்கள், ஈபப்போடு 6 அங்குலத் திரைக்கென்று பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்தே தந்தார்கள். பிடிஎஃப்பில் ஒவ்வொரு வடிவமும் இருந்த இடத்திலேயே உறைந்திருப்பதால் கொம்பு இடம் மாறாது.

இந்தக் கலையின் கடினமான அரங்கு, வடமொழியும் தமிழும் கலந்த மணிப்பிரவாளம். வைணவ வியாக்கியானங்களின் பழைய பதிப்புகளில் வடசொல்லின் அடி கிரந்த எழுத்திலும், வேற்றுமை உருபு தமிழிலுமாக ஒரே சொல்லுக்குள் இரண்டு எழுத்துமுறை வரும். கிரந்தம் 2014-இல் யூனிகோடுக்குள் வந்தது. கட்டற்ற உரிமத்தில் எழுத்துருக்களும் கிடைக்கின்றன, உட்பொதிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. சிரமம் பொருத்தத்தில்தான் இருக்கிறது. கிரந்தம் ஒரு நூலிழை தடித்தாலும், அரைப் புள்ளி உயர்ந்தாலும் சொல் நடுவில் ஒடிந்ததுபோல் தெரியும். இரண்டும் ஒரே பேனாவில் எழுதியதுபோல் அமையும்வரை அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படி எழுத்துரு பொதித்த புதிய மின்னூல் ஒன்று கைக்கு வந்தால் நான் ஒரு சோதனை செய்வேன். நகல் எடுத்து, எழுத்துருக் கோப்புறையை நீக்கிவிட்டுத் திறப்பேன். குறிகள் டப்பாவாகிவிடும், தும்பிக்கைகள் மறைந்துவிடும். ஆனால் நன்றாகச் செய்த நூலில், முந்திரிக் குறி முதலில் வரும் இடத்தில் ‘முந்திரி’ என்ற சொல்லும் பக்கத்திலேயே இருக்கும், வரிகள் தடங்கலின்றி ஓடும். பிறகு மூல நூலைத் திறப்பேன். மலையின் தலையில் தும்பிக்கை திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.