கலோரிக் கணக்கும் நீத்துப்பெட்டியும்

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று தெரிந்தால், அந்த வீட்டில் முதலில் நிற்பது இரவுச் சோறு. அந்த இடத்துக்குப் புட்டு வரும். சோறுதான் சீனியைக் கூட்டும், புட்டு ஒன்றும் செய்யாது என்று சொந்தக்காரர் முதல் பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் வரை எல்லோரும் சொல்லியிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு கிராம் அரிசியிலும் நூறு கிராம் அரிசிமாவிலும் ஏறத்தாழ ஒரே அளவாக 360 கலோரி இருக்கிறது. புட்டுக்கு 50 கிராம் தேங்காய்ப்பூ போட்டால் இன்னும் 175 கலோரி ஏறும். அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வருவது. சோற்றை விட்டவருக்கு மாச்சத்து குறையவில்லை, கொழுப்புத்தான் கூடியிருக்கிறது.

ஆனால் கணக்கு அத்துடன் முடிவதில்லை. தேங்காயின் கொழுப்பும் நார்ச்சத்தும் செரிமானத்தை மெதுவாக்குவதால், குருதியில் குளுக்கோசு ஏறும் வேகம் தணியக்கூடும். ஆகவே ஊரார் சொன்னதை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. உடல் எடை கூடிய ஒருவருக்கு ஒரு பதிலும், மெலிந்துபோன முதியவருக்கு வேறு பதிலும் சொல்லவேண்டும். அந்தப் பதிலை ஆளுக்கேற்ப, புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியில் எவ்வளவு மா, எவ்வளவு தேங்காய்ப்பூ என்ற அளவில் சொல்லத் தெரிந்தவரை உருவாக்குவதுதான் மனிதப் போசணையியலில் ஓர் இளமாணிப் பட்டம் செய்யவேண்டிய வேலை. அதை அந்தப் படிப்பு எவ்வளவுக்குச் செய்கிறது, குடாநாட்டைப் பொறுத்தவரை எங்கே போதாமல் நிற்கிறது என்பதை எடைபோடவேண்டிய காலம் இது.

இத்துறையை நாடும் எங்கள் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த அரச வாசல், குருநாகல் மாவட்டத்து மாக்கந்துரையில் உள்ள வயம்ப பல்கலைக்கழகத்தின் உணவு விஞ்ஞானமும் போசணையும் என்ற பட்டம். உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் படித்தவர்களுக்கு உரியது, ஆங்கிலத்தில் நடப்பது. உயிர்இரசாயனவியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், உணவு இரசாயனவியல் என்று அடித்தளம் போட்டு, சமூகப் போசணைக்கும் நோயாளருக்கான உணவுச் சிகிச்சைக்கும் போகும் படிப்பு இது.

இதன் முதற் பலம், போற்றப்படும் உணவையும் கேள்வி கேட்கப் பழக்குவது. ஒடியற்கூழ் எங்கள் மண்ணின் பெருமை. ஆனால் பேராதனையில் அர்சகுலரத்னவும் அவருடன் சேர்ந்தவர்களும் 1971இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் கூழுக்குச் சேரும் பனங்கிழங்கு மா எலிகளில் நச்சு விளைவுகளைத் தந்ததைக் காட்டியது. இதைக் கேட்டு ஆத்திரப்படுவது எளிது. பயந்து கூழை விட்டுவிடுவதும் எளிது. போசணை மாணவி வேறு கேள்விகளைக் கேட்பாள். எலிக்குக் கொடுத்த அளவு மனிதர் உண்ணும் அளவோடு ஒப்பிடக்கூடியதா? மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, மீனும் நண்டும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் கொதிக்கவைக்கும்போது அந்த நச்சில் எவ்வளவு மிஞ்சுகிறது? கசப்புப் போகவென்று ஊறவைத்த ஆச்சிமாரின் கைப்பழக்கத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கும் அறிவு இது. பழமை என்பதற்காக ஏற்பதையும் பழமை என்பதற்காக மறுப்பதையும் அது ஒருசேரத் தவிர்க்கிறது.

இரண்டாவது பலம், உள்ளூர் உணவுக்கு உள்ளூரிலேயே எண் தேடுவது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் உயிர்இரசாயனத் துறையில் பேராசிரியர் வசந்தி அரசரத்தினமும் உடன் ஆய்வாளர்களும் எங்கள் உணவுகளின் கிளைசிமிக் சுட்டெண்ணை, அதாவது அவை குருதியில் குளுக்கோசை எப்படி ஏற்றுகின்றன என்பதை, அளந்தார்கள். கறிகளோடு சேர்த்து உண்ணும்போது அது எப்படி மாறுகிறது என்றும் பார்த்தார்கள். வெறும் இடியப்பத்தை யாரும் சாப்பிடுவதில்லை. சொதியோடும் சம்பலோடும்தான் சாப்பிடுகிறோம். உண்ணுவதை உண்ணும்படியே அளப்பதுதான் பயன்தரும் விஞ்ஞானம்.

மூன்றாவது பலம், சனத்தொகையை ஒரு நோயாளியைப் போல வாசிக்கக் கற்றுத்தருவது. எங்களுக்கு இது மிக வேண்டிய திறமை. 2006-07ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீடு வட மாகாணத்துக்கு வரவில்லை. இலங்கை வளர்ந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று சொன்ன பெரிய ஆய்வும் போர்க்காலத்தில் வடக்கையும் கிழக்கையும் விட்டுத்தான் நடந்தது. 2016இல் வந்த அளவீடுதான் 25 மாவட்டங்களையும் தொட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 15 வீதமானோர் உயரத்துக்கேற்ற நிறையின்றியும் இருப்பதாக நாடளாவிய கணக்கு காட்டியது. உயரத்துக்கேற்ற நிறையின்மையில் 15 வீதம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் மிக உயர்ந்த நிலை. இப்படிப்பட்ட எண்களைக் கிராம சேவையாளர் பிரிவு வரை பிரித்து வாசிக்க இங்கே பயிற்சி பெற்ற கைகள் பல வேண்டும்.

இனிக் குறைகள். முதற் குறை, படிப்பு மூலப்பொருளோடு நின்றுவிடுகிறது. நாட்டின் உணவுச் சத்து அட்டவணை 1979இல் வெளிவந்து பல தலைமுறை மாணவர்களுக்குக் கைநூலாக இருந்தது. அட்டவணை அரிசியைச் சொல்லும், தேங்காயைச் சொல்லும், முருங்கையிலையைச் சொல்லும். வறையில் எவ்வளவு எண்ணெய் விழுகிறது, சொதிக்கு முதற்பாலா இரண்டாம் பாலா என்பதை அடுப்படியில் நின்றுதான் அறியமுடியும். பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியமாகக் கொடுக்கும் சரக்குக்கறியை எடுத்துக்கொள்வோம். மிளகும் உள்ளியும் பால்சுறாவும் சேரும் அந்தச் சாப்பாட்டில் நல்ல புரதம் இருக்கிறது. அதே பத்தியத்தின் பெயரால் சில வீடுகளில் பழத்தையும் தண்ணீரையும்கூட மறித்துவிடுகிறார்கள். எதை வைத்திருக்கலாம், எதைத் தளர்த்தவேண்டும் என்று பிரித்துச் சொல்ல, அந்த வீட்டுக்குள் போய்ப் பழகியிருக்கவேண்டும்.

இரண்டாவது குறை மொழி. ஆங்கிலத்தில் நான்கு வருடம் படித்த ஒருவர், கிளினிக்கில் கதிரையில் வந்து இருக்கும் அம்மாவுக்கு நிறைவுற்ற கொழுப்பை எப்படி விளக்குவார்? இது தீர்க்கமுடியாத சிக்கல் என்று யாழ்ப்பாணத்தில் யாரும் சொல்லமுடியாது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். சமூக மருத்துவப் பேராசிரியராக இருந்த நந்தி, நாவலாசிரியராகவும் இருந்துகொண்டு மக்களுக்கான சுகாதார நூல்களைத் தமிழில் எழுதினார். முன்னோடிகள் இருக்கிறார்கள், பாடத்திட்டத்தில்தான் அவர்களுக்கு இடமில்லை.

மூன்றாவது, வாசல் ஒடுக்கம். உயர்தரத்தில் மனைப்பொருளியல் படிக்கும் மாணவிகள் உணவைத் திட்டமிடவும் குடும்பச் செலவைக் கணக்கிடவும் பழகியவர்கள். அவர்கள் கலைப்பிரிவில் இருப்பதால் போசணைப் பட்டத்துக்குள் வரமுடிவதில்லை. தமிழ்நாட்டில் வழி வேறாக இருந்தது. கோயம்புத்தூரில் 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி, இராஜம்மாள் தேவதாஸ் போன்றவர்களின் உழைப்பால் மனையியலிலிருந்தே போசணை ஆராய்ச்சியை வளர்த்தெடுத்தது. பெண்களுக்கான படிப்பு என்ற முத்திரை அதன் மேல் விழுந்தது உண்மை. அது ஒரு குறைதான். என்றாலும் அடுப்படியையும் ஆய்வுகூடத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது அந்த வழி. இரசாயனவியல் இல்லாமல் போசணையியல் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதை முதல் வருடத்தில் இணைப்புப் பாடமாகக் கற்பித்து அவர்களை உள்ளே எடுக்கலாம் என்பதே என் வாதம்.

நான்காவது, பட்டத்துக்குப் பிறகான இடம். அரச வைத்தியசாலைகளில் போசணை ஆலோசனையைப் பெரும்பாலும் பட்டப்பின் பயிற்சி பெற்ற வைத்தியர்களே நடத்துகிறார்கள். பிரித்தானியாவில் உணவுச் சிகிச்சையாளர் என்ற பெயரையே பதிவு பெறாதவர் பயன்படுத்தச் சட்டம் விடாது. நோயாளர் நடுவே பயிற்சி பெறுவது படிப்பின் ஒரு பகுதி. அமெரிக்காவில் 2024 முதல் பதிவுத் தேர்வுக்கு முதுமாணிப் பட்டமே வேண்டும். அந்த வழியை அப்படியே இங்கு கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவருக்கும், முகநூலில் மூன்று நாளில் சீனியைக் குறைப்பதாகச் சொல்பவருக்கும் இடையே சட்டம் ஒரு கோடு போடாவிட்டால், படித்தவரின் நான்கு வருடத்துக்கு என்ன பெறுமதி?

பலத்தையும் குறையையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் படிப்பு அளக்கக் கற்றுத்தருகிறது. அளந்ததை ஒரு வீட்டுச் சாப்பாடாக மாற்றக் கற்றுத்தருவது குறைவு. அதைத் திருத்தத் தேவையானவை எங்கள் கையருகில் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் 1978 முதல் இருக்கிறது. சித்த மருத்துவப் படிப்பு இருக்கிறது. கிளிநொச்சியில் விவசாயபீடம் இருக்கிறது. இந்த மூன்றும் கைகோத்து, போசணை படிக்கும் எவருக்கும், எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாலும், இறுதி வருடத்தில் ஒரு தவணையைச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் ஒழுங்குசெய்யவேண்டும். மாணவர்கள் குடும்பநல உத்தியோகத்தரோடு வீடு வீடாகப் போய், பிள்ளைகளின் நிறைப் பதிவை வாசித்து, தமிழில் ஆலோசனை சொல்லி, அதற்குப் புள்ளி பெறவேண்டும். ஒவ்வொருவரும் சில வீட்டுச் சாப்பாடுகளை நிறுத்து அளந்து பதிந்தால், சில வருடங்களில் யாழ்ப்பாணச் சமையலுக்கென்றே ஒரு சத்து அட்டவணை உருவாகும். கூழும் சரக்குக்கறியும் புட்டும் அதில் தங்கள் பெயரோடு இருக்கும். அந்த அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் பட்டதாரியின் சொல்லை நோயாளியும் நம்புவார், வைத்தியரும் மதிப்பார்.